வெளியேறிய இடம்

கொள்ளிடத்தைத் தாண்டியதும்
கண்ணாடித் துடைப்பானின் நுனியில்
நீலமாய் ஒன்று ஊர ஆரம்பித்தது.
ஹெட்செட்டுக்குள் கடுகு வெடித்தது.
கேப்டன் எபநேசர் எதுவும் பேசாமல்
காக்பிட் விளக்கை முழுதாக ஏற்றினார்.
இருட்டுக்குப் பழகிய கண்தான்
முதலில் போகும்.

ரேடாரில் சிவப்பு
கடல் பக்கம், இருபது மைலுக்கு அப்பால்.
நாங்கள் பச்சையில்தான் இருந்தோம்.
இதைப் பிறகு மூன்று பேரிடம்
மூன்று படிவங்களில் சொன்னேன்:
பச்சையில்தான் இருந்தோம்.

சத்தம் என்று சொல்ல முடியாது.
தகரக் கொட்டகைக்குள் நிற்கையில்
கொட்டகையையே யாரோ அறைந்த மாதிரி.
வெள்ளை.
வெள்ளைக்குள் அவர் சட்டைப் பொத்தான்கள்
நான்கு, தனித்தனியாக.
பிறகு கருகின நாற்றம்,
தீபாவளி மறுநாள் தெருவைப் போல.

"யூ ஹேவ் கன்ட்ரோல்ஸ்" என்றார்,
தண்ணீர் கேட்கிற குரலில்.
பதினேழாயிரம் மணி நேரம் பறந்தவர்.
ஊதாப் பொட்டு ஒன்று
பார்க்கிற இடமெல்லாம் வந்து உட்கார்கிறதாம்,
உயரமானியின் எண்மேல்,
என் முகத்தின்மேல்.

நான் ஓட்டினேன்.
கால் நடுங்கியது, பெடலுக்கு அது தெரியும்.
இன்டர்காமில் நிலோஃபர்:
பதினோராம் வரிசையில் ஒருவர்
அர்ஜுனா அர்ஜுனா என்று
விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்,
நிறுத்தச் சொல்லட்டுமா?
வேண்டாம், சொல்லட்டும் என்றேன்.
அவர் நிறுத்திவிட்டால்
எனக்குப் பயமாக இருக்கும் என்பதைச் சொல்லவில்லை.

திருச்சியில் மழை இல்லை.
ஓடுபாதை விளக்குகள் வரிசையாக,
ஒன்றும் தெரியாத மாதிரி.

இரவு ஒரு மணிக்கு
தட்சிணாமூர்த்தி ஏணி போட்டு ஏறினார்.
டார்ச் வாயில், சாக்பீஸ் கையில்.
ஒவ்வொரு தீப்புள்ளிக்கும் ஒரு வட்டம்.
மூக்கில் தொடங்கி வலப்பக்கமாக இருபத்திரண்டு.
ரிவெட்டுத் தலைகள் பாகாய் உருகி ஆறியிருந்தன.
அம்மை இறங்கின உடம்பு என்றார்.
வால் நுனியில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை.
"நாமதான் இழுத்திருக்கோம் மேடம்.
பாதி நேரம் அது பாட்டுக்குக் கிடக்கும்.
நாம போய் நடுவுல நின்னா கிளம்பும்."

படிவம்.
நுழைந்த இடம்: மூக்கு, வலம்.
வெளியேறிய இடம்: வால்.
அதற்குக் கீழே கையெழுத்து.
வெளியேறிய பிறகு என்று
ஒரு கட்டமும் இல்லை.

விமானத்தை ஹேங்கரில் நிறுத்திவிட்டார்கள்.
மறுநாள் எனக்கு வேலை இல்லை.
அந்த நிமிடத்தை வரைபடத்தில் தேடி
விரல் வைத்தேன்:
பாபநாசத்துக்கும் மெலட்டூருக்கும் நடுவே
ஏதோ ஒரு வயல்.
பஸ் ஏறினேன்.
ஏன் என்று யாரும் கேட்டிருந்தால்
இறங்கியிருப்பேன்.

நட்டு இருபது நாள் ஆன சம்பா.
மின்கம்பியில் மீன்கொத்தி.
தலை கருகிய தென்னை ஒன்றைக் கண்டதும்
அடிவயிறு இழுத்தது.
மடை வெட்டிக்கொண்டிருந்த சின்னையன் நிமிர்ந்தார்.
"அதுவா? அது எரிஞ்சு மூணு வருசமாச்சு."
நேற்று ராத்திரி?
"நேத்து சத்தந்தான்.
எங்க விழுந்துச்சோ, விழவே இல்லியோ."
என் ஷூவைப் பார்த்தார்.
"இன்சூரன்ஸா? வி.ஏ.ஓ. ஆபீஸா?"
இரண்டும் இல்லை என்றேன்.
வேறென்ன என்று அவர் கேட்கவில்லை.

வரப்பில் விரித்த துண்டின்மேல்
காளான்கள், குடை விரியாதவை, மண்ணோடு.
"இடி நல்லா இடிச்சாத்தான் இது கிளம்பும்.
நேத்து இடி நமக்கு ஒரு வேளைக் குழம்பு."
இரண்டு கை அள்ளி என் பைக்குள் போட்டார்,
லாக் புத்தகத்தின்மேல்.

எபநேசரின் குறுஞ்செய்தி:
கண்ணில் ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர்.
பொட்டு மட்டும் இன்னும் போகவில்லை.
நீ எங்கே இருக்கிறாய்?

வரப்பு வழுக்கியது.
'கீழே' என்று தட்டினேன்.
அழித்தேன்.
காளான் சாப்பிடுவீர்களா சார்
என்று கேட்டேன்.