பெரட்டு

ஐந்தரைக்கு ஹட்டனில் பஸ் ஏறினால்
ஒன்பதுக்குள் பேராதனை.
வியாழக்கிழமைகளில் எனக்கு
அரைப்பேர்கூட இல்லை.

இருட்டறை. வயிற்றில் குளிர்ந்த களி.
திரையில் தேயிலை விதை அளவு துடிப்பைக் காட்டி
டொக்டர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:
"மேல் அறை கூப்பிடும், கீழ் அறை பதில் சொல்லும்.
பதில் வர எவ்வளவு நேரம்,
அதுதான் பார்க்கிறது."

எனக்கா விளங்காது?
பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை
"சிவபாக்கியம்" என்பார்.
பனிக்குள்ளிருந்து "இருக்கேன்" வரவேண்டும்.
பிந்தினால் முறைப்பு.
வராவிட்டால் பெயருக்கு நேரே கோடு.

மூத்தது வரவில்லை.
ஐம்பத்தாறு என்றார்கள் அதன் துடிப்பை,
பிறகு எண்ணே சொல்லவில்லை.
அது போன பின்தான்
எனக்கு நோய் இருப்பதே தெரிந்தது.
அதுவரை கன்னத்துச் சிவப்பை வெயில் என்றோம்,
முழங்கை வலியைக் கூடை என்றோம்.
லூபஸ் என்று கொப்பியில் எழுதித் தந்தார்கள்.
இரத்தத்தில் றோ என்று ஒன்று இருக்கிறதாம்.
நான் தின்னும் ரொட்டியோடு
அதுவும் கொடிவழியே உள்ளே போகிறதாம்.

நூற்று இருபத்திரண்டு.
நூற்று இருபத்தாறு.
நூற்று இருபத்து நாலு.
எல்லாம் மில்லிசெக்கன்.
ஒரு கொழுந்து கிள்ளும் நேரத்தில்
மூன்று தரமாவது அடங்கும் அது.
நூற்றைம்பதைத் தாண்டக் கூடாது.

இன்றைக்கு நூற்று நாற்பத்தெட்டு.

டொக்டர் மறுபடி அளந்தார்.
மறுபடியும்.
தாதியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னதில்
எனக்குப் பிடிபட்டது "சந்துதா" மட்டும்.
திங்கள்.
வியாழன் வரைக்கும் விடவில்லை.

கினிகத்தேனையில் மண் சரிந்து
பஸ் ஒரு மணித்தியாலம் நின்றது.
கொழும்பிலிருந்து பரமராஜ் போன் எடுத்தான்.
"என்ன சொன்னாங்க?"
"புள்ள இருக்கு" என்றேன்.
எண்ணைச் சொல்லவில்லை.
சொன்னால் அவனுக்கும் திங்கள்வரை தூக்கமிராது,
ஒருவர் விழித்திருந்தால் போதும்.

மழை. முன்னால் பெக்கோ இயந்திரம்
மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டுகிறது.
விலாவுக்குக் கீழே ஒரு உதை.
நான் கூப்பிடவே இல்லை.

உதைப்பது வேறு, அந்த இடைவெளி வேறு,
உதையை நம்பி வராமல் இருக்கக் கூடாதென்று
டொக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்.
தெரியும்.

ஆனாலும் பக்கத்து சீட்டுப் பிள்ளையிடம்
பேனா இரவல் வாங்கி
டிக்கட்டின் பின்பக்கம் கோடு போட்டேன்.
ஒன்று.