ஓர் அங்குல மெழுகு

பனியில் எதையும் மறைக்க முடியாது.
கொட்டிலைத் திறந்ததும் கண்டேன்:
வைக்கோலிலிருந்து தண்ணீர்ச் சட்டி வரை
ஐந்தாறு சிவப்புச் சொட்டு.
வில்யாவுக்குப் பருவம்.
பிப்ரவரி பன்னிரண்டின் மேல்
பென்சிலால் ‘ஒன்று’ என்று எழுதினேன்.

டோர்ஸ்க் அன்றைக்கே தீனியை விட்டான்.
டோர்ஸ்க் என்றால் எங்கள் நார்வே மொழியில் கோட் மீன்.
மடையனையும் அப்படித்தான் சொல்வோம்.
குட்டியில் மீன்தலையோடு மல்லுக்கு நின்றதால் வைத்த பெயர்,
மற்றப் பொருள் இந்த வாரம் பொருந்துகிறது.

பதினான்கு நாய் பூட்டிய சறுக்குவண்டியை
மூடுபனியில், ஏரியின் விரிசல் தப்பி
வீடு கொண்டுவந்து சேர்க்கிறவன்,
கதவடிச் சந்தில் மூக்கைச் செருகிக்கொண்டு
விடிய விடிய அழுகிறான்.

அக்கரையிலிருந்து இங்வால்ட் போன் செய்தார்.
“இங்கே வரைக்கும் கேட்குது.
காயடிச்சு விடு, கதை முடிஞ்சது.”
முடியாது. வசந்தத்தில் ஆல்ட்டாவிலிருந்து
அவனுக்காக ஒருத்தி வருகிறாள்.
முன்பணம் வாங்கியாயிற்று,
தீனியாக்கிப் போட்டுமாயிற்று.

சரி, வில்யாவோடு விட்டால் என்ன என்பீர்கள்.
வில்யா அவன் மகள்.

இதை அவனுக்கு எந்த மொழியில் சொல்ல.

ஆகவே அவள் கொட்டிலில், அவன் வீட்டில்.
நடுவில் இரண்டு கதவு, ஒரு கம்பிவலை, நான்.
காலை முற்றம் அவளுக்கு, மாலை அவனுக்கு.
அவள் நனைத்த பனியை மண்வாரியால் அள்ளி
வேலிக்கு அப்பால் கொட்டுகிறேன்.
மருத்துவர் சொன்னபடி அவள் வாலில் கற்பூரத் தைலம்.
பயனில்லை.
என் கையுறையை மோந்துவிட்டு
என்னையே காதலோடு பார்த்தான், கழுதை.

முதல் வாரம் எளிது.
வலைக்கு வந்தவனை அவளே பல்லைக் காட்டித் துரத்தினாள்;
காவலில் பாதி அவளுடையது.
பதினோராம் நாள் சொட்டு வெளுத்தது.
வாலை ஒரு பக்கம் ஒதுக்கி,
வலைக்குப் பின்புறத்தைக் கொடுத்து
சிலைபோல் நின்றாள்.
அன்றிலிருந்து அவர்கள் இருவர்,
நான் ஒருத்தி.

பதின்மூன்றாம் இரவு
கடலிலிருந்து வந்த காற்று கொட்டிலின் கூரையைக் கொண்டுபோனது.
மின்சாரமும் போனது.
மற்ற நாய்கள் பனிக்குழியில் சுருண்டு தூங்கின.
அவளை மட்டும் தூக்கிவந்து குளியலறையில் விட்டேன்.
குளியலறைக்குத் தாழ்ப்பாள் இல்லை.
தனியாக இருப்பவளுக்கு எதற்கு?

கதவில் நாற்காலியைச் சாய்த்து உட்கார்ந்தேன்.
அவன் கயிற்றை என் கணுக்காலில் கட்டினேன்.
மெழுகுவத்தி ஏற்றினேன்.
என்னையும் நாற்காலியையும்
ஒரு சாண் இழுத்தான். வண்டி இழுக்கப் பழகியவன்.
“உன் மகள்டா” என்றேன்.
காதை நிமிர்த்திக் கேட்டான், மரியாதையாக.
மறுபடி இழுத்தான்.

எப்போது கண் அயர்ந்தேன், தெரியாது.
விழித்தபோது காற்று ஓய்ந்திருந்தது.
கயிறு காலில்தான் இருந்தது.
அவன் பாதத்தருகே படுத்து
பத்து நாளில் முதல்முறையாகக் குறட்டை விட்டான்.
நாற்காலி கோணலாக.
கதவு நான்கு விரல் திறந்து.
மெழுகு ஓர் அங்குலம் குறைந்து.

மறுநாள் அதே பெட்டியிலிருந்து இன்னொன்றை ஏற்றி,
கடிகாரத்தை எதிரே வைத்துப் பார்த்தேன்.
அங்குலத்துக்கு ஐம்பத்திரண்டு நிமிடம்.
அவர்களுக்கு இருபது போதும்.

இருபத்திரண்டாம் நாள் கதவுகளைத் திறந்துவிட்டேன்.
டோர்ஸ்க் அவளைத் தாண்டி,
யாரோ எவளோ என்பதுபோல் தாண்டி,
உறைந்த மீனைக் கடைவாயில் வைத்து நொறுக்கினான்.
இங்வால்ட் போன் செய்யவில்லை.
வில்யா பனியில் மல்லாந்து புரண்டாள்.
அவள் வயிற்றை வெயிலில் வெகுநேரம் பார்த்தேன்,
வயிறாகத்தான் இருந்தது.

அந்த இரவிலிருந்து அறுபத்துமூன்றை எண்ணினேன்.
ஏப்ரல் இருபத்தெட்டு.
பனி இளகி
ஏரியில் யாரும் கால் வைக்காத வாரம்.
கட்டத்துக்குள் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டேன்,
பென்சிலால்தான்.