குதிர்

பாராமட்டாவும் லேன் கோவும் கலக்கும் நீரில்
முதுகைச் சீவியெடுத்த தீவு.
படகிறங்கியதும் ட்ரெம்லெட் ஒரு குடையை நீட்டினார்.
"கடல்காகம் குஞ்சு பொரித்திருக்கிறது,
மண்டையைக் கொத்தும்."
மழை இல்லை. விரித்துக்கொண்டாள் ரோஸ்லின் கீஃப்,
அறுபத்திரண்டு வயது,
பல் மருத்துவமனையில் கணக்கர்.

சிறை அறையைக் காட்டுங்கள் என்றாள்.
அவர் காட்டியது தரையில் ஒரு வட்டத் துளை.
"ஜாடி மாதிரி. கழுத்து ஒடுக்கம், வயிறு அகலம்.
பஞ்சத்துக்குக் கோதுமை சேர்த்துவைக்கப்
பாறையில் குடைந்த குதிர்."
யார் குடைந்தது?
"வேறு யார்."

கயிற்றில் இறக்குவார்கள்.
அன்றைக்கான கல் மேலே போனால்தான்
ஆள் மேலே வரலாம்.
கல்லுக்கு முதல் இடம்.
கோதுமை கொஞ்ச நாள் இருந்தது.
விற்றுவிடு என்று லண்டனிலிருந்து கடிதம்.
அப்புறம் குதிரில் தண்ணீர்,
அப்புறம் கப்பல் பட்டறை,
அப்புறம் அடங்காத சிறுமிகள்,
மறுபடியும் கப்பல்,
இப்போது வாடகைக் கூடாரம், காலைச் சிற்றுண்டியோடு.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை.
நான்கு தலைமுறையாக அவர்கள் வீட்டில்
இதையேதான் ஆங்கிலத்தில் சொன்னார்கள்,
கேட்காதவர்களிடமும்.
பைபிளின் முன்னேட்டில்
தடியஸ் கீஃப், கல்கொத்தர்
என்று நல்ல கையெழுத்தில் இருந்தது.
ஆவணக் காப்பகத்தில் வேறு கையெழுத்து:
தடியஸ் கீஃப், ஒரு கோட்டு, ஒரு செம்புப் பானை,
இரண்டாவது முறை.

பாதி உடைந்த குதிர் ஒன்று பாறை விளிம்பில் திறந்து கிடந்தது.
குடையை மடக்கி உள்ளே போனாள்.
தேன் நிற மணற்கல். உளித்தடம் வரிவரியாக,
எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து.
ஓரிடத்தில் மட்டும், முழ அகலத்துக்கு,
எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.
இடக்கைக்காரன் ஒருவன்.
அல்லது வலக்கை வீங்கியவன்.
அவள் வலக்கைக்காரி, அவள் அப்பாவும் அப்படியே.
அதனால் ஒன்றும் நிரூபணமாகவில்லை.
இருந்தும் அந்த முழத்தில்
உள்ளங்கையை வைத்தாள்.
கல் சில்லென்று இருந்தது, வெளியே அத்தனை வெயிலில்.

தம்பிக்குப் போன் போட்டாள்.
"கொத்தர்னு எழுதியிருக்கே, அது பொய்யில்ல."
"எது?" என்றான். காற்று.
"பைபிள்ல."
"நீ எப்பத்திலிருந்து பைபிள் படிக்கிற?"

மூன்றே முக்கால் படகு
தீவை விட்டு விலகிய பிறகுதான் பார்த்தாள்,
குடை மடியில்.
துறையில் ட்ரெம்லெட் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்,
வழியனுப்புகிறாரா, திருப்பிக் கேட்கிறாரா,
அந்தத் தூரத்தில் தெரியவில்லை.
பதிலுக்கு இவளும் ஆட்டினாள்.

திருப்பி அனுப்பவில்லை.