ஒரே இலக்கம்

விசுவமடு. யோகறாணியக்கா வளவு.
கமரா மூன்றாம் தரமும் 'இணைப்பு இல்லை'.
வயரைக் கழற்றி ஊதினேன்,
ரவுட்டரை நிப்பாட்டிப் போட்டேன்.
பாஸ்வேர்ட் சரி. பச்சை லைட்டும் எரியுது.

பிறகுதான் பிடிபட்டது:
மகனின்ர பிரிண்டருக்கும் இதுக்கும்
ஒரே ஐபி.
நூற்றியெட்டில் ரெண்டு பேர் குடியிருந்தால்
ரவுட்டர் ஆரைத்தான் கூப்பிடும்?

கடைசி எண்ணை ஒன்பதாக்கினேன்.
ஒரு நிமிசமில்லை, போனில்
வேலி வந்தது, கிளுவங்கதியால் வந்தது,
அங்கால நின்று
எங்களையே பார்க்கிற துரைசிங்கத்தாரும் வந்தார்.

"அவரிட்டயும் பெர்மிட் இருக்குத் தம்பி,
இதே துண்டுக்கு.
பதினொரு வருசமாக் கச்சேரிக்கு நடக்கிறம்,
ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில."

நான் ஒன்றும் சொல்லேல்லை.
ஏணியை மடிக்கேக்க
வேலிக்கு மேலால கேட்டார்:
"உது என்ன விலை, தம்பி?
எனக்கும் ஒண்டு பூட்டோணும்.
இஞ்சால பாக்க."