மற்றவை

இடப்பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினேன்.
கண்ணைச் சிமிட்டச் சொன்னது, சிமிட்டினேன்.
முகம் பொருந்தவில்லை என்றது.
உங்கள் கணக்கை வேறொருவர் பயன்படுத்துவதாக
ஐயம் எழுந்துள்ளது, முடக்குகிறோம் என்றது.

வேறொருவர் யாருமில்லை.
ஈசூன் பலமாடிக் கார் நிறுத்தம், ஐந்தாம் தளம்,
விடிகாலை ஐந்தேகால்.
நானும் வாடகைக் காடியும்.

அம்மாவை மண்டாயில் அனுப்பி நான்கு நாள்.
துக்க வீட்டுக்கும் வாடகை ஓடும்.
தாய்க்குக் கடைசிப் பிள்ளை என்பதால்
பெர்த்திலிருந்து வந்த அண்ணன் தலைநிறைய முடியோடு நிற்க
நாவிதர் என்னைக் குனியச் சொன்னார்.
மீசைக்கு வந்ததும்
‘பேசாதீங்க, வெட்டிரும்’ என்றார்.
பேசவில்லை.

மேல்முறையீட்டுக்கு ஒரு படிவம்.
காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும்:
மூக்குக் கண்ணாடி, தாடி, விபத்துக் காயம், மற்றவை.
அம்மா செத்தது
மற்றவையில் வந்தது.

விளக்கம், ஐந்நூறு எழுத்துக்குள்.
ரூபிணி ஆங்கிலத்தில் தட்டினாள்.
கருமாதிக்கு அவளிடம் சொல் இல்லை,
ஏதோ ஒரு சடங்கு என்று போட்டாள்.
ஏதோ ஒன்று இல்லை, அழி என்றேன்.
தமிழிலேயே முயன்றேன்.
மொட்டை எனக்கு மூன்றெழுத்து.
பெட்டியின் ஓரத்து எண்ணிலோ ஆறு குறைந்தது.
புள்ளிக்குத் தனி, கொம்புக்குத் தனி,
அம்மாவுக்கு மட்டும் ஐந்து போயிற்று.
அவள் ஆங்கிலத்தையே அனுப்பச் சொன்னேன்.

காப்பிக்கடையில் ஹம்டான்
ஒரு கோப்பி ஓவை என் பக்கம் தள்ளினான்.
முடி வளரும்வரை சும்மா இரேன்,
இரண்டு வாரம்தானே என்றான்.
இரண்டு வாரம் என்றால்
ஆயிரம் வெள்ளிக்கு இருபது குறைவு.
அது அவனுக்கும் தெரியும்.
அவனும் வாடகைக்குத்தான் ஓட்டுகிறான்.

மாலைதோறும் ஐந்தாம் தளம் போய்
பேட்டரி சாகாதிருக்க
பத்து நிமிடம் இஞ்சினை ஓடவிட்டேன்.
கண்ணாடியில் பார்க்காமல்தான்.

ஏழாம் நாள் பதில்.
அன்புள்ள பங்காளி,
என்று மகள் பெயர்த்துப் படித்தாள்.
பங்காளி என்றால் சாவுக்கு வந்திருக்க வேண்டுமே,
பதினாறு நாள் தீட்டுக் காக்க வேண்டுமே என்றேன்.
அவள் சிரிக்கவில்லை, படித்தாள்.
தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்.
முடிவில் மாற்றமில்லை.
முகத்தைச் சரிபார்க்க இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு.

உள்ளே போனவள்
புருவப் பென்சிலோடு வந்தாள்.
காரியத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கும்மா என்றேன்.
‘அப்பா, அசையாதீங்க.’
பழைய படத்தைப் பார்த்துப் பார்த்து
மயிர் மயிராக இழுத்தாள்.
தொடக்கப்பள்ளி மாறுவேடப் போட்டிக்கு
இவளுக்கு நான் வரைந்த மீசை கோணல்,
மேடையில் அழுதாள்.
இது நேராக இருந்தது.

இடப்பக்கம்.
சிமிட்டல்.
முகத்தைச் சுற்றிய வட்டம் பச்சையானது.
நன்றி, இது நீங்கள்தான்.

முதல் சவாரி சாங்கிக்கு.
பெட்டியோடு நின்ற பெண்
கைப்பேசிப் படத்தைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
மறுபடி படத்தை.
பெயர் கேட்டாள்.
அதை மட்டும் யாரும் மழித்திருக்கவில்லை.
மருதப்பன் என்றேன்.

குளிர்சாதனத்தைக் கூட்டிவைத்தேன்,
வியர்த்தால் கலையும்.
அம்மாவை நினைக்கவில்லை,
தெம்பனிஸ் விரைவுச்சாலை முடியும்வரை.