தலைப்பில் வராதவன்

எனக்கு அறுபத்திரண்டு கோல்.
கணக்கு இருக்கிறது, நோட்டில், தேதியோடு.
பக்கிரிசாமிக்கு மூன்று.
அதில் ஒன்று எங்கள் வலைக்குள்ளேயே போனது,
கும்பகோணத்தில், மழையில்.
அதையும் சேர்த்துத்தான் சொல்கிறான், கேட்டால்.

மன்னார்குடியில் பிள்ளைகள்
ஹாக்கி மட்டையோடு பிறப்பார்கள்.
அந்த ஊரில் காலால் ஆட வந்த பதினோரு பேர் நாங்கள்.
மைதானம் காலியாகும் வரை
வேலியோரம் சாணி மிதித்து நிற்போம்.
அவன் எட்டாம் எண். சட்டை பெரிசு,
முழங்கைக்கு மேல் மடித்திருப்பான்.

நடுக்களத்தில் ஆடுகிறவனை யார் பார்க்கிறார்கள்?
பந்து அவனிடம் வந்தது தெரியாது.
போன இடத்தில் நான் இருப்பேன்.
கூட்டம் என் பெயரைக் கத்தும்.
அதற்குள் அவன் திரும்பி
எங்கள் பாதிக்கு நடந்துகொண்டிருப்பான்,
கடை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் மாதிரி.

நிமிராமலே எப்படிடா அனுப்புகிறாய் என்று கேட்டேன்.
"நீ ஓடறப்ப மூக்கால சத்தம் போடுவே" என்றான்.

காரைக்கால், நாகை,
லாரியில் நின்றபடியே போன மாவட்டப் போட்டிகள்.
திருச்சியில் எனக்குக் கோப்பை, பேப்பரில் படம்.
படத்தின் ஓரத்தில் மடித்த சட்டையோடு ஒரு முழங்கை.
அது அவன்தான் என்று
அவன் தங்கையிடம் சத்தியம் செய்தேன்.

முட்டி போனது பொன்மலை ரயில்வே மைதானத்தில்.
யாரும் மோதவில்லை. தரையில் ஒரு குழி.
பெஞ்சில் கிடத்தித் தூக்கிப்போனோம்.
மறு ஞாயிறு தொண்ணூறு நிமிடம் ஓடினேன்.
பந்து மூன்று முறை வந்தது,
மூன்றும் முதுகுக்குப் பின்னால்.

அதற்குப் பிறகு நான் அடித்தது நான்கு.
அதுவரை ஐம்பத்தெட்டு.
நோட்டில் இருக்கிறது.

சான்றிதழ்களைக் காட்டி வேலை வாங்கினான்.
நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில்
வெண்ணாறு மூன்றாகப் பிரியும் தலைப்பில் லஸ்கர்.
தலைப்புச் செய்தியில் வராதவனுக்கு
அரசாங்கம் ஒரு தலைப்பையே கொடுத்துவிட்டது என்றேன்.
சிரிக்கவில்லை.
ஷட்டருக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான்.

கிரீஸ் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன்.
ஒரு கோடை ராத்திரி, லாரி செட்டில் டிவி.
அந்த தேசம் ஏதோ ஒரு கோப்பைக்கு ஆடியது.
நாங்கள் பந்தைப் பார்த்தோம்.
அவன் பந்து இல்லாத ஒருத்தனையே பார்த்தான்.
"அந்த ஆளு பேரு என்ன?"
யார் வாயிலும் நுழையவில்லை.
சில வருடம் கழித்து, கடைசிப் பக்கத்தில் நான்கு வரி:
கிரேக்க நடுக்கள வீரர் ஓய்வு.
படம் கிடையாது. அதே ஆளா, தெரியாது.
அவன் அதைக் கத்தரித்து
நீர்மட்டம் எழுதும் பதிவேட்டின் உள்ளட்டையில்
சோற்றுப் பருக்கையால் ஒட்டிவைத்திருக்கிறான்.

போன புரட்டாசி. ஆற்றில் பாதித் தண்ணீர்.
கோரையாற்றுக்காரர்கள் டிராக்டர் நிறைய வந்தார்கள்.
வெண்ணாற்றுக்காரர்கள் முன்பே வந்து
பாலக் கட்டையில் உட்கார்ந்திருந்தார்கள்.
பாமணியாற்றுப் பாசனத்தில் எனக்கு எட்டு மா.
நாற்று நுனி மஞ்சளாகிவிட்டது.
எல்லோரும் போகட்டும் என்று இருந்து
இரண்டு மணிக்கு இருட்டில் ஏறினேன்.
கூப்பிடவே இல்லை நான்.
"வா" என்றான், பதிவேட்டிலிருந்து தலை எடுக்காமல்.

அரை அடி போதும் என்றேன்.
யாருக்குத் தெரியப்போகிறது என்றேன்.
ஐம்பத்தெட்டைப் பற்றி ஏதோ சொல்ல வந்து
நிறுத்திக்கொண்டேன்.

டார்ச் எடுத்தான். கெட்ட முட்டியைத் தாங்கித் தாங்கிப் போனான்.
சக்கரத்தைப் பிடித்துப் பதினோரு சுற்று, எண்ணினேன்.
கோரையாற்றின் கதவு.
கடைமடையில் இன்னும் நாற்றே விடவில்லையாம்.

தண்ணீர் பலகையைத் தாண்டுமுன்பே
திரும்பி அறைக்கு நடந்துவிட்டான்.

முதல் தடவையாக எனக்கு வரவில்லை.
கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
மூன்று ஆற்றின் இரைச்சலுக்கு நடுவில்
என் மூக்குச் சத்தம்
எனக்கே கேட்டது.