சப்பாத்துக் கல்

கராங்கான் சாலையை அகலப்படுத்தக்
குன்றின் இடுப்பை வெட்டிய மாதம்
கறுப்புப் பலகைக்கல் ஒன்றைத் தூக்கிவந்து
குழாயடியில் போட்டேன்.
துணி தோய்க்க, மீன் கழுவ,
சனிக்கிழமை லோகேந்திரனின்
பள்ளிச் சப்பாத்துக்கு வெள்ளை பூச.

கல் முழுக்கப் பென்சில் கீறல்.
சின்னச் சின்ன ரம்பங்கள்,
ஒரு பக்கம் மட்டும் பல்.
வீட்டுப்பாடம் எழுத நேரமில்லை,
கல்லில் கிறுக்க நேரமிருக்கோ?
முதுகில் ஒன்று வைத்தேன்.
நானில்லை என்றான்.
பொய்க்கு இன்னொன்று.

கம்பி நாரால் தேய்த்தேன்,
குளோரக்ஸ் ஊற்றினேன்.
எந்தப் பென்சில் குளோரக்ஸுக்கு அடங்காது என்று
அப்போதாவது யோசித்திருக்கலாம்.

நூர் இஸ்ஸாத்தி வந்தது பிறகுதான்.
பினாங்குப் பல்கலைக்கழகம், சேறு அப்பிய பூட்ஸ்.
தண்ணீர் கேட்டவள் குடிக்காமல்
தம்ளரோடு குழாயடியில் குந்திவிட்டாள்.
அக்கா, இதை யாரும் எழுதவில்லை என்றாள்.
இந்தக் குன்று ஒருகாலத்தில் கடலின் அடிச்சேறாம்.
ஒவ்வொரு பல்லும் ஒரு கிண்ணமாம்,
கிண்ணத்துக்கு ஓர் உயிர்,
எல்லாம் ஒரே தண்டில்,
முதல் உயிரிலிருந்து முளைத்து முளைத்து.
பால்மரத்தில் கட்டுவோமே, அந்த மாதிரிக் கிண்ணமா?
அரிசிமணியைவிடச் சின்னது, அக்கா.

நாற்பத்து மூன்று கோடி வருடம் என்று
கைப்பேசியில் சுழியங்களைத் தட்டிக் காட்டினாள்.
வீட்டுக்கடன் அளவுக்குத்தான்
எனக்குச் சுழியம் பழக்கம்.

ஒரு கிண்ணக்காரன் தின்றால்
பக்கத்துக் கிண்ணத்துக்கும் பசி அடங்குமா?
அவள் சிரிக்கவில்லை.
அது சரியாகத் தெரியவில்லை என்று
நோட்டில் எதையோ குறித்தாள்.
இப்போது எங்கே இருக்கின்றன?
எங்கேயும் இல்லை.
பெயர் கிராப்டோலைட்.
கல்லில் எழுதியது என்று அர்த்தமாம்.
பெயர் வைத்தவனுக்கும்
என் புத்திதான் போலும். அவன் யாரை அடித்தானோ.

நான் தேய்த்த இடத்தைக் கண்ணாடியில் காட்டினாள்.
தண்டு இருக்கிறது. ஆறேழு கிண்ணங்கள் இல்லை.
பரவாயில்லை அக்கா, நிறைய இருக்கு
என்று என் பழைய துவாலையில் சுற்றிக்
காரில் ஏற்றிக்கொண்டு போனாள்.

அந்தச் சனிக்கிழமை
சிமெண்டில் குந்தி
அவன் சப்பாத்துக்கு நானே வெள்ளை பூசினேன்.
நாடாவைக் கழற்றித் தந்தபடி
சாவகாசமாகக் கேட்டான்:
முதல் அடி சரிம்மா, தெரியாம அடிச்சீங்க.
பொய்க்குன்னு வெச்சீங்களே,
அது?

இடது சப்பாத்தைக்
காய வைத்தேன்.
வலதை எடுத்தேன்.